வாளி

ஜெனொவைதே அதைக் குழந்தைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
பன்னிரண்டு அங்குலம். தகரப் பெட்டி. கறுப்பு வெள்ளை.
பானெவெஜீஸ் பின்னலாடை மில்லை இழுத்து மூடியபோது
சம்பள பாக்கிக்கு ஈடாக
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம்.
மற்றவர்கள் தையல் இயந்திரம் எடுத்தார்கள்.
இவள், காவலாளி அறை மானிட்டரை.

"படம் வருவதில்லை. ஒரு கோடுதான்."

கோடுதான்.
திரையின் குறுக்கே, நட்டநடுவில்,
கண் கூசும் ஒற்றை வெள்ளைக் கோடு.
மேலும் கீழும் பரவவேண்டிய வெளிச்சம் மொத்தமும்
போக்கிடமில்லாமல் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்கிறது.
முதலில் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
விட்டால் கோடே வடுவாகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
பிடுங்கினால் போதாது.
ட்யூபின் தோளில், ரப்பர் தொப்பிக்கு அடியில்
பத்தாயிரம் வோல்ட் விழித்துக்கொண்டே கிடக்கும்.
இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
(அதற்கு அங்கே வேலையில்லை, இதயம் அந்தப் பக்கம்)
எர்த் வயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன்.
டப்.
ஜெனொவைதே சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

இரண்டு கபாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன.
ஒன்றின் காலடியில் பழுப்புநீர் கசிந்து
செம்புத் தடத்தை அரித்திருந்தது.
"ஒழுகியிருக்கிறது" என்றேன்.
"அந்த மில்லில் எது ஒழுகினாலும்
ஒருத்தன் திரும்பிப் பார்க்கமாட்டான்" என்றாள்.
நான் அதைப் பொதுவான பேச்சு என்று நினைத்தேன்.

அரித்த இடத்தில் வயர் வைத்துப் பற்றவைத்து,
மயிரிழை விரிசல் விட்டிருந்த பழைய ஈயங்களை உருக்கி,
எதிரே கண்ணாடியை நிறுத்தி
(பின்னால் உட்கார்ந்து முன்னால் பார்க்க வேறு வழியில்லை)
ஸ்விட்சைப் போட்டேன்.

கோடு பிளந்தது.
சாம்பல் வெளிச்சம் மேலும் கீழுமாய் மெல்ல ஏறி
திரையை நிறைத்தது.
கேமரா இல்லை, படம் இல்லை.
ஆனால் ஒரு தாழ்வாரம் இருந்தது.

பதினோரு வருடம், இரவும் பகலும், ஒரே கேமரா, ஒரே காட்சி.
பளிச்சென்றிருந்த இடமெல்லாம் பாஸ்பர் தீய்ந்து
இப்போது கறுப்பு:
ஐந்து கறுப்புக் குழல்விளக்குகள்,
கறுப்பாய் ஒரு கதவு,
அதன் பக்கத்தில் அறிவிப்புத் தாள், அதுவும் கறுப்பு.
மூன்று ஷிப்டில் நானூறு பெண்கள் நடந்த தாழ்வாரம்.
ஒருத்திகூட இல்லை.
நகராமல் நின்றதுதான் பதியும்.

"சுத்தமான ட்யூப் ஒன்று இருக்கிறது, மாற்றித் தரட்டுமா?"
அவள் காதில் விழவில்லை.
மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
நெற்றி திரையில் முட்டக் குனிந்தாள்.
கீழே, இடது மூலையில்
(எனக்கு வலது)
முட்டை வடிவில் ஒரு கறை. மேலே அரைவட்டமாய் ஒரு கோடு.
எழுந்து வந்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
போகவில்லை. கண்ணாடிக்கு உட்புறம்.

"துடைக்காதே.
என் வாளி அது. வெள்ளை வாளி."

மேலே குழாய் ஒழுகியதாம்.
ஆறு மனு எழுதினாளாம்.
கொட்டி வைத்து, கொட்டி வைத்து, அதே இடத்தில்.
ஒருநாள் வாளி நிரம்பி வழிந்த ஈரத்தில் இவள் விழுந்தாள்.
இடுப்பில் தகடு ஒன்று, ஆணி நான்கு.
'ஒழுக்கு எதுவும் இல்லை. வாளி எதுவும் வைக்கப்படவில்லை.
துடைப்பவளின் கவனக்குறைவு.'
கீழே கையெழுத்து: ரிம்கௌதஸ், மேற்பார்வையாளர்.

இதையெல்லாம் அவள் கோபமாகச் சொல்லவில்லை.
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கேமரா இல்லாமல் இதில் படம் வராது" என்று நினைவூட்டினேன்.
"படம் யாருக்கு வேண்டும்?"

கபாசிட்டருக்கு மட்டும் காசு வாங்கினேன்.
குழந்தைவண்டியில் ஏற்றி, போர்வை சுற்றி,
வார்ப்பட்டையை மாட்டினாள்.
ஞாயிற்றுக்கிழமை ரிம்கௌதஸ் காபிக்கு வருகிறாராம்.
மனைவி போனபிறகு யார் கூப்பிட்டாலும் வருகிறாராம்.
ஆப்பிள் கேக் சுடப்போகிறாள்.
எதுவும் பேசப்போவதில்லை. ஸ்விட்சைப் போடுவாள், அவ்வளவுதான்.

வாசல்வரை போய்த் திரும்பினாள்.
"சூடாகித் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?"
"இருபது நொடி."
"போதும்" என்றாள்.
"அவர் சர்க்கரை போட்டுக் கலக்கி முடித்திருப்பார்."