நூற்றுப் பதினேழு பூட்டு

சின்னம் ஒதுக்கிய அன்றைக்கு
பென்னாகரம் யூனியன் ஆபீஸ் வாசலில்
மாதேசன்தான் முதலில் சிரித்தான்.
"உனக்குப் பூட்டு சாவிண்ணா, அவனுக்கு ஆட்டோ.
அவன் ஊர் சுத்துவான், நாம தொங்குவோம்."

பதினோரு நாளாய்ச் சட்டைப்பையில் திண்டுக்கல் பூட்டு.
கனம் இழுத்து இழுத்துத் தையல் விட்டுப்போயிற்று.
திருகித் திறந்து காட்டினால்
பிள்ளைகள் "இன்னொருக்கா" என்கின்றன.
அவர்களுக்கு ஓட்டு வருவதற்குள்
இரண்டு தலைவர் மாறியிருப்பார்கள்.

மார்கழிப் பனியில் ஐந்தரைக்கே போனால்தான்
பால் சொசைட்டியில் நாலு பேரைப் பிடிக்கலாம்.
கேன் பிடித்த கை திரும்பக் கும்பிடாது.
"கொழுப்பு கம்மின்னே எழுதுறான், அதக் கேளு மொதல்ல"
என்கிறாள் சென்னம்மா.
நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.
அதற்கு மேலே ஏற்கெனவே இருப்பது:
முனியன் கொட்டாய் ஓடைக்குப் பாலம்,
சுடுகாட்டுக்கு ஒரு லைட்டு,
என் மாமனார் வரப்பை நகர்த்தினது பற்றி ஒரு புகார்.

ஏழு கொட்டாய். தொள்ளாயிரத்து முப்பத்தாறு ஓட்டு.
முனியன் கொட்டாயில் முதல் வீடு பூட்டு.
அடுத்ததும் பூட்டு.
மூன்றாவதில் நாய்.
அவரைப்பூ வாசனை மட்டும் தெரு முழுக்க ஆளிருப்பதுபோல.

பூட்டு வளையத்தில் நோட்டீசைச் செருகினான் மாதேசன்.
"பாருங்கண்ணா, வீட்டுக்கு வீடு நம்ம சின்னம்."
சிரித்தோம்.
ஐந்தாவது வீட்டிலும் சிரித்தோம்.
எட்டாவதில் மழைக்குப் பால் கவர் சுற்றிய பூட்டு,
அதற்குமேல் சிரிக்கவில்லை.
"அல்லாரும் பெங்களூர்ல கீறாங்க"
ஆடு ஓட்டிப்போன கிழவர் நிற்காமலே சொன்னார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்.
நூற்றுப் பதினேழு.

சனிக்கிழமை ராத்திரி பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் தாண்டி
கட்டி முடியாத பதினாலு மாடிக்குக் கீழே
தகரக் கொட்டகை வரிசையில்
என் பஞ்சாயத்து குந்திச் சோறு தின்றுகொண்டிருந்தது.
வாட்ச்மேன் டார்ச்சை முகத்தில் அடித்து
"யாரு நீவு?" என்றான்.
"பிரசிடெண்ட்" என்றுவிட்டேன்.
இனிமேல்தான் ஆகவேண்டும் என்பதைச் சொல்ல
எனக்குத் தெரிந்த கன்னடம் பத்தவில்லை.

கம்பி கட்டும் தீர்த்தமலை விரல்விட்டு எண்ணினான்.
"ஒருநாள் கூலி எண்ணூறு போவும்.
போக வர பஸ்ஸு.
ஒரு குத்து குத்திட்டு வர்றதுக்குண்ணா."
வேன் விடுகிறேன் என்றேன், மூன்று வேன்,
எந்தக் கணக்கிலும் எழுதமுடியாத செலவு.
"செரி, ஜெயிச்சு?"
நூறுநாள் வேலை என்று ஆரம்பித்தேன்.
அவன் தட்டைக் கழுவ எழுந்துபோனான்.

கிளம்பும்போது கோவிந்தம்மா ஓடிவந்தாள்.
ஓட்டைப் பற்றிப் பேசவில்லை.
கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள்.
"மேற்கால ஓடு ஒடஞ்சிருக்குது,
அண்டாவ நகத்தி வையுங்க.
கேவுரு மூட்டய எலி தொட்டுதான்னு பாருங்க."
அவளைப் பார்த்து இன்னொருத்தி.
அப்புறம் தீர்த்தமலையும்,
மூஞ்சியைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை ஓட்டு.
இன்றைக்கு ஐந்து மணியோடு மைக் நின்றது.
மாதேசன் பூத் சீட்டு எழுதப் போய்விட்டான்.
ஆறு சாவியோடு நான் மட்டும் முனியன் கொட்டாய்க்கு நடந்தேன்.

அண்டாவை நகர்த்தினேன்.
அடியில் தேள், செருப்பால் அடித்தேன்.
மூட்டையில் ஒரு மூலை போயிருந்தது,
என் துண்டைக் கிழித்துக் கட்டினேன்.
சுவரில் தினக்காலண்டர் ஆடி பதினேழில் நிற்கிறது.
கிழிக்கக் கை போயிற்று.
அவர்கள் வீட்டுத் தேதி, விட்டுவிட்டேன்.

வெளியே வந்து பூட்டி
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
கதவைப் பார்த்துக் கை தானாகக் குவிந்தது,
பதினோரு நாள் பழக்கம்.
யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன்.
அடுத்த வீட்டுக்கு எந்தச் சாவி என்று
செல்போன் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.