ரேலியா லைன்

நாற்பத்தெட்டாம் படியில் நின்றுவிட்டேன்.
தோளில் வால்வுச் சாவி.
ஓட்டுப்பட்டறையின் கடைசி வீட்டில்
குடங்களை வரிசை வைக்கும் சத்தம் கேட்டது.
ஏற முடியவில்லை.

ஊட்டியில் படம் எடுத்தார்கள்.
ஒரு மாத்திரை தந்து
ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள் கௌசர்.
"துடிப்பு அறுபதுக்கு இறங்கட்டும் அண்ணே,
ஓடுற நெஞ்சு படத்துல கலங்கிரும்."
ஸ்வெட்டரைக் கழற்றிய குளிர்.
ஊசிமருந்து ஏறியதும்
உடம்பெல்லாம் வெந்நீர்.
பேண்ட் நனைந்ததென்று பதறினேன்.
நனையவில்லை.
"மூச்சை அடக்குங்க."
அந்த ஏழு நொடி
எந்தத் தெருவின் முறையும் ஞாபகத்தில் இல்லை.

படம் எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்த்
திரும்ப நான்கு நாள்.
டாக்டர் திரையைத் திருப்பினார்.
சாம்பல் நிறத்தில் என் நெஞ்சு,
அதன்மேல் மூன்று லைன்.
முன்பக்கத்து லைனில் ஒரு நசுங்கல்,
யாரோ குறடு வைத்து அழுத்தியதுபோல.
"இதுதானே சார்?"
"பாதிக்கு மேல் அடைப்புதான்.
ஆனால் அதைத் தாண்டியும் அழுத்தம் நிற்கிறது,
புள்ளி எண்பத்தாறு.
எண்பதுக்குக் கீழே இறங்கினால்தான் யோசிக்கணும்."

வலப்பக்க லைன்
பார்வைக்கு ஒழுங்காக இருந்தது.
நெடுக மெல்லிசாய்ப் படிந்த துரு, அவ்வளவுதான்.
அதன் நுனியில் சிவப்பு:
புள்ளி எழுபத்தொன்று.

விளக்க வாயெடுத்தார்.
வேண்டாம் சார் என்றேன்.
இருபத்தாறு வருஷமாய்
நகராட்சி ஆபீசில் நான் கத்துவது இதுதான்.
நசுங்கின அரை அடியை மாற்ற ஓடாதீர்கள்.
மூன்று மைல் துரு
சத்தமில்லாமல் அழுத்தத்தைத் தின்னும்.
வெளியே பெயிண்ட் அடித்த இரும்பை நம்பாதீர்கள்,
கடைசிக் குழாயில் கேஜ் வையுங்கள்.

வைக்கவில்லை.
எனக்கு வைத்துவிட்டார்கள்,
அதுவும் தோண்டாமல்,
படத்திலிருந்தே கணக்குப் போட்டு.

ஸ்டென்ட்டா, மாத்திரையா,
கோயம்புத்தூரில் பேசி முடிவெடுக்கச் சொன்னார்.
"யேசடியான், அதுவரை படி ஏறாதீங்க."
குன்னூரில் படி ஏறாமல்
எந்த வீட்டுக்குப் போவதென்று
அவரிடம் கேட்கவில்லை.
லவ்டேல் தாண்டும்வரை பஸ்ஸில்
அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று வியாழன், மேல்தெரு முறை.
பதினொரு நாள் கழித்து.
வால்வைத் திறந்தது பெனடிக்ட்.
நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து
இன்னொரு சாவியைக் குழாயில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்தேன்.

முதலில் காற்று.
பிறகும் காற்று.

மேலிருந்து ஒரு பெண்குரல்:
"வந்திருச்சா?"

பொறு என்று கையை உயர்த்தினேன்.
அவளுக்கு அது தெரிந்திருக்காது,
அத்தனை மூடுபனி.