கேஸ்கட்

சோமனூரில் பஞ்சு குடோனுக்குள் கிடந்தது எஸ்டி.
டேங்கில் பெட்ரோலுக்குப் பதில் குளவிக்கூடு.
சைலன்சருக்குள் எலி சேர்த்த வேப்பங்கொட்டை
ஒரு படி தேறும்.
"இரும்பு வெலைதானுங்க, எடுத்துக்குங்க" என்ற நாச்சிமுத்து
வேப்பங்கொட்டையையும் சேர்த்தே எடை போட்டார்.

கிக்கர் இறங்கவில்லை.
பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது.
பிளக் ஓட்டையில் டீசல் ஊற்றினேன்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து டார்ச் அடிப்பேன்,
ஊற்றியது ஊற்றியபடி இருக்கும்.
பதினோராம் நாள்
கால் விரற்கடை குறைந்திருந்தது.
அன்றைக்கு டீக்கடையில் இரண்டு போண்டா.

பிறகு புளியங்கட்டை வைத்துத் தட்டல்,
கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு
மறுபடி தட்டல்.

ஆவாரம்பாளையம் லேத்தில் ஸ்டெல்லா
சிலிண்டருக்குள் விரல் விட்டுச் சுற்றினாள்.
"கீறலை அடைக்க முடியாதுங்க.
கீறல் போற வரைக்கும்
சுத்தி இருக்கறதைத்தான் கொறைக்கோணும்.
அரை எம்எம்."

எல்லாம் கிடைத்தது, கிளட்ச் கவர் கேஸ்கட் கிடைக்கவில்லை.
ஈரோடு வரை கேட்டாயிற்று.
பீரோ மேலே முந்நூற்று எண்பது பத்திரிகை இருந்தது,
வைகாசி எட்டு, கருமத்தம்பட்டி மண்டபம்,
ஆறிலிருந்து ஏழரை.
மோகனப்பிரியாவின் அப்பா எடுத்த அட்டை,
நல்ல கனம்.
மடிப்பை விரித்தால் அளவும் சரி.

கவர் மேல் வைத்து
உருண்டைச் சுத்தியால் ஓரத்தோடு தட்டினால்
விளிம்பே வெட்டிக்கொள்ளும்.
முதலாவது கிழிந்தது.
இரண்டாவதில் போல்ட் ஓட்டை தள்ளிப் போனது.
மூன்றாவதில் என் பெயர் போல்டுக்கு அடியில் போயிற்று.
அவள் பெயர் நடுத்துண்டோடு கீழே விழுந்தது.
எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்,
குப்பை சேரக் கூடாதென்று.

ஞாயிறு. தறி ஓடாத தெரு.
ஏழாவது உதையில் கிக்கர் காலைத் திருப்பி அடித்தது,
அதே நொடியில் பிடித்தும் கொண்டது.
வெள்ளைப் புகை, கொஞ்சம் திக்கல்,
அப்புறம் ஒரே சீர்.
மாடியில் யாரோ கை தட்டினார்கள்.
எஸ்டிக்குக் கிக்கரும் கியரும் ஒரே கம்பி;
முன்னால் மடக்கி ஒன்றில் போட்டுக் கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

இரண்டு ஆள் நீளம் போய்
பாவு பீம் அடுக்கில் முட்டி நின்றது.
டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படியொரு குணம்,
பாயிண்ட் முந்தினால்
எதிர்ப்பக்கமாகவும் சந்தோஷமாகச் சுற்றும்.
அறுபது தறியில் எது நின்றதென்று
காதால் சொல்கிறவன் நான்,
எனக்குத் தெரியவில்லை.

தெரு சிரித்து ஓய்ந்ததும்
மூடியைக் கழற்றினேன்.
இடைவெளி பார்க்கும் தகடு எங்கே போனதோ,
தேடிய கை
சட்டைப் பையில் அட்டையைத் தொட்டது.
பாயிண்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவில்
அவள் பெயரை நுழைத்து
லேசாக இழுத்தால் வருகிற மாதிரி வைத்து
ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு
உருவினேன்.

எட்டாவது உதை.