பற்றுச்சீட்டு

மாதத்தின் முதல் வியாழன்
ராமநாதபுரம் கச்சேரியில் நாற்பது ரூபாயை எண்ணி வாங்கி
மடியில் முடிந்துகொண்டு
வாலிநோக்கத்துக்கு நடப்பேன்.
உடைமுள் தைத்த காலோடு
சக்கரவர்த்தி முன் போய் நிற்கலாமா என்று
முதல் தடவை கூசினேன்.
அவருக்கும் தைத்திருந்தது.

அந்தப் பற்றுச்சீட்டில்
பட்டங்களை எழுதவே
தாள் முழுக்கப் போயிற்று.
அன்றில் கொடியோன், பதினேழு கோட்டை கொண்டான்,
இன்னும் என்னவெல்லாமோ.
தொகை எழுத இடமில்லை.
துரை என்னைத்தான் வைதார்.

மூன்றாம் வருசம் பெயர் மட்டும்.
பிறகு அதிலும் பாதி.
ஓர் ஆடியில்
கச்சான் காற்று மைக்கூட்டைக் கவிழ்த்துவிட
சிந்தியதில் பெருவிரலைத் தொட்டு வைத்தார்.
அதுவே வழக்கமாயிற்று.
மோதிரம் கழற்றிய விரலில்
வெள்ளையாய் ஒரு வளையம் இருந்தது முன்பு;
வெயில் அதையும் வாங்கிக்கொண்டது.

மணலில் ஊற்றுத் தோண்டுவார்.
காரல் முள்ளை நாக்காலேயே பிரிப்பார்.
அரசியை எரித்த இடத்தில்
இப்போது வலை காய்கிறது.
காயட்டும் என்றார்.

சங்கு குளிக்கும் பருவம்.
நடுராத்திரி தொம்மையப்பன் வந்தான்.
நான் தாழ்வாரத்தில் படுத்திருந்தேன்,
தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.
ஈரத்துணியை விரித்தான்.
வலம்புரி.

"இது ராசாவுக்குச் சேர வேண்டியதாம்.
கும்பினிக்காரன் தன்னை ராசா என்கிறான்.
எனக்குத் தெரிஞ்ச ராசா
நீங்க ஒருத்தர்தான்."

விளக்கில்லை.
காதில் வைத்தாரோ, கண்ணில் ஒற்றினாரோ.
வெகுநேரம் அலை மட்டும்.
அப்புறம் ஒரு குரல்,
நான் ஒன்பது வருசத்தில் கேட்டிராத குரல்:
"விடியுமுன் விற்றுவிடு.
கீழக்கரையில் கேள்வி கேட்காத கடை இருக்கும்.
இது ஆணை."

என் வேலையில் பாதி
யார் வந்தார், என்ன பேசினார் என்று
எழுதி அனுப்புவது.
காலையில் எழுதினேன்:
காற்று வாடை. கடல் தெளிவு.
பார்க்க வந்தவர் எவருமில்லை.

எழுதியதை அவர் பார்த்தாரா, தெரியாது.
பற்றுச்சீட்டை நீட்டினேன்.
மையருகே போன பெருவிரல் நின்றது.
என் காதிலிருந்து இறகை உருவி
முழுப்பெயரையும் எழுதினார்,
நிதானமாக,
தொகைக்கு இடம் விட்டு.