யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்

குட்டி யானையில் முதலில் ஏறியது கிரைண்டர்.
பிறகு பீரோ, கவிழ்த்துப்போட்ட கட்டில்,
மோட்டார் பொருத்திய என் தையல் மெஷின்,
அரிசி டிரம்முக்குள் கரண்டிகளும் சுவர்க்கடிகாரமும்.
ஒன்றை மட்டும் எப்படி ஏற்றுவதென்று தெரியவில்லை.
யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்.

எங்கும் எழுதிவைக்காத ரேட் அது.
கஜா அடித்த வருஷம், மன்னார்குடியில்
எங்கள் தெருவுக்குக் கம்பம் வந்து சேர
இருபத்தொரு நாள்.
மறுநாள் சாயங்காலம் மாவு சலித்துக்கொண்டிருந்தேன்,
தலைக்கு மேல் ஃபேன் தானாக அசைந்தது.
தெருவே கத்தியது.
மாடியிலிருந்து பனியனோடு ஓடிவந்த
வீட்டுக்காரர் வைத்தியலிங்கம்
எல்லா ஸ்விட்சையும் அவரே போட்டுப் பார்த்துவிட்டு,
வாய் என்ன சொல்கிறது என்று தெரியாத சந்தோஷத்தில்
"இனிமே உனக்கு அஞ்சு ரூபாதாம்மா, எப்பவும்" என்றார்.
அந்த 'எப்பவும்'மை
நான் அங்கேயே மடித்து ஓரம் தைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வாடகை ஏறியது.
தண்ணீருக்குத் தனிக் காசு வந்தது.
பக்கத்துப் போர்ஷன் செல்வமணிக்கு
கரண்ட் ஏழு ஆனது, பிறகு எட்டு.
எனக்கு ஐந்து.
மாதாமாதம் நோட்டைப் பார்ப்பார்,
மூச்சு விடுவார்,
பெருக்கிக் கையெழுத்துப் போடுவார்.

இப்போது அவர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும். நியாயம்தான்.
சாவி கொடுக்கும்போது கேட்டேன்,
"அந்த அஞ்சு ரூபாயை என்கூட அனுப்புவீங்களா?"
சிரித்தார். "அது இந்த மீட்டரோட ரேட்டும்மா."
"உனக்குன்னுதான் சொன்னீங்க.
மீட்டரைப் பாத்துச் சொல்லலையே."
கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தார்.
பிறகு காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினார்:
'தையல்நாயகிக்கு என் வீட்டில் மின்சாரம்
யூனிட் ஒன்றுக்கு ரூ. 5 மட்டும். இப்படிக்கு.'
சீல் இல்லை. அதிகாரமும் இல்லை.
தாசில்தார் கொடுத்த சான்றிதழ் போல
பர்ஸில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினேன்.

பாமணி ஆற்றுப் பாலம் தாண்டிப் புது வீடு.
மதலைமேரி டீச்சர் கேட்டிலேயே சொன்னார்,
"கரண்ட் எட்டு. எல்லாருக்கும் எட்டு."
சீட்டை நீட்டினேன்.
படித்தார். திருப்பி
அன்றைய ராகுகாலத்தையும் படித்தார்.

அப்போதுதான் அந்த போர்டிகோவைப் பார்த்தேன்.
நீல கேட். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே ஜெனரேட்டர்.
இங்கே நான் வந்திருக்கிறேன்.
கஜாவுக்கு ஒன்பதாம் நாள்.
பலகையில் முட்டிமோதிக்கொண்டு முப்பது போன்,
ஒரு போனுக்கு இருபது ரூபாய்.
என் போன் நாற்பதைத் தொட்டபோது டீசல் தீர்ந்தது.
காசு திரும்பவில்லை.
அந்த நாற்பதில்தான் திருப்பூரில் இருந்த தம்பிக்கு
"கூரை போச்சு, நாங்க இருக்கோம்" என்றேன்.

இதைச் சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை.
"டீசலுக்கு நீடாமங்கலம் வரைக்கும் அலைஞ்சோம்" என்றார்.
"அலைஞ்சிருப்பீங்க டீச்சர்."
லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், வெயிட்டிங் தனி என்றான்.
"ஆறரை" என்றார், ஜெனரேட்டரைப் பார்த்தபடி.
"மாடியில சொல்லிடாத. அவங்க எட்டு."
தலையாட்டினேன்.
மாடியில் இருப்பவள் பெயர்கூட
இன்னும் எனக்குத் தெரியாது.

ராத்திரி படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடித்து
சப்-மீட்டர் பார்த்தேன்: 4417.
நோட்டில் புதுப் பக்கம். தேதி. 4417.
எண்பது யூனிட் என்று வைத்தால்
மாதம் நூற்றிருபது கூடுதல்,
லைனிங் இல்லாத ஒரு ஜாக்கெட்.
தைத்துவிடலாம்.

சீட்டை மட்டும் டீச்சர் திருப்பித் தரவில்லை.
முதல் தேதி பணம் கொடுக்கப் போகும்போது
கேட்க வேண்டும்.