விளக்கம் அளித்தல் தொடர்பாக

ஐயா,
தங்கள் குறிப்பாணை நேற்று மாலை கிடைத்தது.
ஆறாம் வகுப்புக் கணக்கில் கற்றல் அடைவு குறைவு,
மூன்று நாளில் காரணம் சொல் என்றிருக்கிறீர்கள்.
கணக்கு டீச்சர் என்பதால்
கணக்காகவே சொல்கிறேன்.

பாடவேளை நாற்பது நிமிஷம்.
கடலூர் முதுநகரில் எங்கள் பள்ளியின்
அ பிரிவும் ஆ பிரிவும்
ஒரே மின்விசிறிக்குக் கீழே
அறுபத்து நான்கு பேர்.
வருகை எடுக்க ஒன்பது நிமிஷம்.
மீதி முப்பத்தொன்றைப் பங்கு வைத்தால்
ஆளுக்கு இருபத்தொன்பது விநாடி.
நான் இருமினால் அதில் இரண்டு குறையும்.
துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் லாரி
வாசலில் ரிவர்ஸ் எடுத்தால்
நாலு பிள்ளைகளுடைய பங்கு போச்சு.

தங்கள் தாளில் முப்பதுக்கு ஒருவர் என்றிருக்கிறது.
பொய்யென்று சொல்ல மாட்டேன்.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளியில்
ஒன்பது பிள்ளைகளுக்கு இரண்டு பேர்.
அவர்களையும் எங்களையும் கூட்டி வகுத்தால்
இருபத்து நான்குதான் வருகிறது.
நானும் சராசரி நடத்துகிறவள்தான் ஐயா.
சராசரிப் பிள்ளைக்கு பெஞ்சு வேண்டாம்,
தாகம் எடுக்காது,
ஒன்றுக்கு வருகிறது டீச்சர் என்று விரல் காட்டாது.

போன ஆவணியில் பிரிஸ்கில்லா வந்தாள்.
தற்காலிகம், தொகுப்பூதியம், ஐந்தே மாதம்.
நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
முதல் மணிக்கு முன்னால் நிற்பாள்.
சத்துணவு அரிசி மூட்டைகளை நகர்த்தி
ஆ பிரிவுக்கு இடம் பண்ணினோம்.
அங்கே முப்பத்திரண்டு, இங்கே முப்பத்திரண்டு.
வருகைக்கு நாலு நிமிஷம்.
ஆளுக்கு ஒரு நிமிஷம் ஏழு விநாடி.

கூடக் கிடைத்த அந்த முப்பத்தெட்டு விநாடியில்தான்
கண்ணில் பட்டது:
கடைசி வரிசை சுவர்ணிகா
தன் பெயருக்கு உள்ளேன் டீச்சர் சொல்வது
பக்கத்தில் ஷிபானா தொடையில் கிள்ளுவதால்.
இடது காது அறவே இல்லை.
வலது காதில் பாதி.
ஜூன் மாதமே அவள் பெயருக்கு எதிரே
பென்சிலால் எழுதியிருந்தேன்,
கவனமில்லை என்று.
ரப்பர் போட்டு அழித்தேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
இன்னும் தெரிகிறது.

முன் வரிசைக்கு, இடப்பக்கச் சுவரோரம் மாற்றினேன்.
இரண்டு வாரத்தில் பின்னம் பிடித்துக்கொண்டாள்.
ஏழில் மூன்று பெரிசா ஐந்தில் இரண்டு பெரிசா என்றால்
தனக்கும் கேட்கட்டுமென்று
கத்திச் சொல்வாள் பதிலை.
அடுத்த வகுப்பு சிரிக்கும்.
சிரிக்கட்டுமே, பதில் சரி.

தை பிறந்தபோது
பிரிஸ்கில்லாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
நிதி விடுவிக்கப்படவில்லை என்றது அலுவலகம்.
ஹெச்.எம். கைக்காசு கொடுத்துப் பார்த்தார்.
பொங்கல் கழிந்து அவள் வரவில்லை.
ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம்.
அங்கே கூட்டுவதற்கு மெஷின் இருக்கிறது,
மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது.

அரிசி மூட்டைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.
மறுபடி அறுபத்து நான்கு.
மறுபடி இருபத்தொன்பது.

சுவர்ணிகாவை மட்டும் நகர்த்தவில்லை.
அதற்காக ஒருவன் பின்னால் போக வேண்டியிருந்தது.
சஞ்சித் என்று பெயர்.
ஏன் என்று கேட்காமல்
பையைத் தூக்கிக்கொண்டு போனான்.
அவனுக்கு எது கேட்கவில்லை, எது தெரியவில்லை,
இன்னும் எனக்குத் தெரியாது.
அவன் பெயருக்கு எதிரே
ஒன்றும் எழுதாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

விளக்கத்துக்குத் தாங்கள் விட்டிருந்த இடம் நாலு வரி.
அதனால் தாளின் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன்,
பொறுத்துக்கொள்ளவும்.

கோரிக்கை: ஒரு ஆசிரியர். சம்பளத்தோடு.

இணைப்பு: வருகைப் பதிவேட்டின் நகல்.
அறுபத்து நான்கு பெயர்களையும்
ஒரே ஒருமுறை
வாய்விட்டு வாசித்துப் பாருங்கள் ஐயா,
ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும்வரை காத்திருந்து.
கையில் கடிகாரம் இருக்கட்டும்.