ஒரு மூச்சில் எத்தனை சொல்

பெயர் கேட்பேன். தெரு கேட்பேன்.
பிறகு பேச விட்டு எண்ணுவேன்.
நூற்று மூன்றை அழைக்கிறவர்களுக்கு இது தெரியாது:
எங்கே வலி, எத்தனை நாளாக என்பதைவிட
ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது என்பதே
எனக்கு வேண்டும்.
பத்துக்கு மேல் என்றால் காத்திருக்கலாம்.
ஐந்து என்றால் வண்டி கிளம்பட்டும்.
இரண்டு என்றால்
வேறெங்கோ போகிற வண்டியை
இங்கே திருப்பு.

ஜனவரி. பிஷ்கேக். மைனஸ் பத்தொன்பது.
தெற்கே மலை இருக்கிறது என்பதை
இந்த வாரம் நம்பத்தான் வேண்டும், பார்க்க முடியாது.
எல்லாரும் மின்நிலையத்தின் புகைபோக்கியைத் திட்டுகிறார்கள்,
உயரமானதைத் திட்டுவது சுலபம்.
நகரத்தைச் சுற்றிய புதுக்குடியிருப்புகளில்
கரிக்குக் காசில்லாத அடுப்புகள்
தையல்கூடத்துத் துண்டுத்துணியைத் தின்கின்றன.
மேலே கனத்த காற்று
சட்டிக்கு மூடிபோலக் கவிழ்ந்திருக்க
நாங்கள் உள்ளே.

ஆறரை மணி, கெலெச்செக்.
“மிஷினை…
நிறுத்திட்டு…
பேசறேன்.”
பெர்மெத், இருபத்தாறு, ஆஸ்துமா,
இன்ஹேலர் தீர்ந்து இரண்டு நாள்.
பகலில் அவள் கத்தரித்து ஒதுக்கிய ஓரங்கள்
இரவில் பக்கத்து வீட்டுக் கூரைவழி
அவளிடமே திரும்பி வந்திருக்கும்.

ஏழே கால். சூரோன்குல், எழுபத்தொன்று,
சிமென்ட் ஆலையில் முப்பத்தொரு வருடம்.
“வேண்டாம்மா… பழகினதுதான்…”
மனைவி போனைப் பிடுங்கினாள்.
பின்னணியில் அவர் இரைவது
ஈரக்கட்டையை அறுக்கிற ரம்பம்.
அவருக்கு முன்னால் பதினேழு பேர்.
அவர்களில் நான்கு பேருக்கு
இன்னும் பால்பல் விழவில்லை.

ஒன்பது மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து
ஓர் ஆண்குரல், நன்றாக மூச்சு விடுகிற குரல்:
“போன செவ்வாயைவிட எவ்வளவு கூடுதல்?
ஆஸ்துமா தனி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு தனி.”
தனித்தனியாகவே கொடுத்தேன்.
புகைக்கு அந்தக் கட்டங்கள் தெரியவில்லை.
“தீவிரமடைதல்” என்று எழுத வேண்டும்.
ஏதோ ஏற்கெனவே
மிதமாக இருந்ததுபோல.

ராக்கியா தேநீர் வைத்துவிட்டுப் போனாள், ஆறிவிட்டது.

இரண்டு மணிக்குக் கபிதோலினா யெகோரவ்னா.
தினமும் அழைப்பார். ஓய்வுபெற்ற பூகோள டீச்சர்,
நாற்பது வருடச் சிகரெட், தனிக்கட்டை.
மூச்சை அளக்க நாங்கள் கண்டுபிடித்த வழி:
ஆறுகளைச் சொல்லச் சொல்வேன்.
நாரின், சூ, தலாஸ், சத்கால், சாரி-ஜாஸ்,
அக்சூ, கரா-தார்யா…
நல்ல இரவில் ஏழும் ஒரே மூச்சில் ஓடும்,
கடைசி ஆற்றில் கொஞ்சம் கர்வமும்.
அன்றைக்கு வண்டி அனுப்ப மாட்டேன்.
ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைப்போம்.
இது விதிக்குப் புறம்பு.

இன்றைக்கு,
“நாரின்…”
கம்பியில் வெறும் விசில் சத்தம்.
“மிச்சம்…
உனக்கே… தெரியும்.”

துருசுபெக்கின் வண்டியைத் திருப்பினேன்.
யாரிடமிருந்து திருப்பினேன் என்பதும்
பதிவேட்டில் இருக்கிறது.
நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

இந்த நாற்காலிக்கு முடிவுகள் வருவதில்லை.
கதவு திறந்ததா, முகமூடி பொருந்தியதா,
ஆக்சிஜன் ஏறியதா…
மூச்சுக்கு முந்நூறு தரம் யோசிப்பேன்,
அதற்குள் அடுத்த விளக்கு எரியும்.

எரிந்தது. நாலு இருபது.
துங்கான் பையன், பெயர் இஸ்ஹார், எட்டு வயதிருக்கலாம்.
“எங்கப்பாவுக்கு மூச்சு வரலை
அம்மாவுக்கு ரஷ்யன் தெரியாது
நான்தான் சொல்றேன்
நீல கேட், நாய் கட்டிதான் இருக்கு, கடிக்காது
அப்பா நின்னுக்கிட்டே மேசையப் பிடிச்சிருக்காரு
உக்கார மாட்டேங்கறாரு சீக்கிரம் வாங்க”

மூச்சு விடாமல் சொன்னான்.
எண்ண மறந்துவிட்டேன்.
“அப்பா காதில் போனை வை” என்றேன்,
“ஒரே ஒரு சொல் பேசச் சொல்,
எதுவானாலும் பரவாயில்லை.”

போன் கைமாறுகிற சத்தம்.
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.